முள்ளை விழுங்கும் சக்கரம்

மார்ச் 3, 2025. திங்கள்

இன்றைக்கும் பஞ்சர். இடைசெவல் தாண்டி மண் பாதையில் இறங்கி அரைக் கிலோமீட்டர் போயிருக்க மாட்டேன். யாரோ சீமைக்கருவேல மரத்தை வெட்டி, பாதையோடே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தில் இரண்டு முள். மாற்று டியூப் ஒன்றுதான் கையில் இருந்தது. அதையும் மாட்டின பத்தாவது நிமிடம் இன்னொரு முள்.

மிச்ச தூரம் முழுக்க உருட்டிக்கொண்டே நடந்தேன். தடுப்பூசி போட ஆட்டுக் கிடைக்கு ஆறரைக்குள் போய்ச் சேர வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஆடு மேய்ச்சலுக்குப் போய்விடும். நான் போய்ச் சேர்ந்தது ஒன்பது பத்துக்கு. காலியான கிடைக்குள் வெயிலுமுத்து அண்ணாச்சி மட்டும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். பருத்தி எடுத்து முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் இந்தக் காடுகளில் கிடை போடுகிறவர். இருநூற்றுப் பத்து உருப்படி.

"எட்டு மணி வரைக்கும் பாத்தேன் தாயி. பசியில கத்துதுக. அவுத்து விட்டுட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் முழுக்கத் தண்ணீர். தடுப்பு மருந்துக் குப்பி வெதுவெதுவென்று இருந்தது. எங்கள் அறக்கட்டளையின் கால்நடை டாக்டர் நந்தகோபாலுக்குப் போன் போட்டேன். "சந்தேகம்னா போடாதீங்க வள்ளிமயில். சூடுபட்ட மருந்தும் தண்ணியும் ஒண்ணுதான். திருப்பிக் கொண்டாந்திருங்க" என்றார்.

அங்கிருந்து சுடலைக்கண்ணு அண்ணன் கிடைக்கும் போக வேண்டியது. போகவில்லை. போய் என்ன செய்ய?

மார்ச் 4, செவ்வாய்

மூன்று டியூபிலும் சேர்த்துப் பதினாறு ஒட்டு. ஒட்டின இடத்து மேலேயே ஒட்டு.

மார்ச் 14, வெள்ளி

சுடலைக்கண்ணு அண்ணன் கிடையில் ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது. மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து... பத்தொன்பது உருப்படி போயிற்று. டாக்டரோடு போயிருந்தேன். குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் வேலுத்தாய்தான், "அன்னைக்கு நீ வந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

திரும்பும்போது டாக்டர் ஜீப்பில் சொன்னார். ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆனால்தான் எதிர்ப்புச் சக்தி வரும், அன்றைக்குப் போட்டிருந்தாலும் இந்த ஆடுகள் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கு சரிதான். ஆனால் அவள் முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்கு அந்தக் கணக்கு எப்படிப் பதிலாகும்?

மார்ச் 17, திங்கள்

அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"உங்க ரவுண்டை பைக் வச்சிருக்கிற ஆள்கிட்டக் கொடுக்கலாம்னு மேல பேசுதாங்க. நான்தான் ஏப்ரல் வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்த மருந்து ஏப்ரல் நடுவுலதான் வரும். அந்த ஒரு ரவுண்டு பாப்போம்."

பிறகு கேட்டார், "ஸ்கூட்டி ஓட்டவே முடியாதாம்மா?"

கையை நீட்டிக் காட்டினேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் விழுந்ததில் வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தது. விரல் மடங்கும், பிடிக்கும், பிரேக் அழுத்தும், ஊசி போடும். முறுக்கவோ வலுவாக இழுக்கவோ மட்டும் முடியாது. ஆக்ஸிலேட்டரை எதைக் கொண்டு முறுக்க? அதனால்தான் கழுகுமலை வாத்தியார் ஒருவரிடமிருந்து இந்த மவுண்டன் பைக்கைப் பழசாக வாங்கினேன். பட்டையான டயர், கியர் உண்டு, கரிசல் வெடிப்பில் இறங்கி ஏறும். ஒன்றே ஒன்றுதான் அதற்கு ஆகாது. முள்.

இந்த நாட்டில் முள் இல்லாத பாதைக்கு எங்கே போவேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கு ஒன்று பார்த்தேன். மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுக்க எட்டயபுரம் ரோட்டு டயர் கடைக்குப் போயிருந்தேன். (லாரி, பைக், கார் என்று எல்லாவற்றுக்கும் இவரிடம் டயர் வேலை உண்டு. சைக்கிள் என்றால் மட்டும் முகம் சுளிப்பார்.) மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சைக்கிளில் போகிற நாலு பேர் தண்ணீர் குடிக்க நின்றார்கள். ஒருத்தர் டயரில் பெரிய முள் ஒன்று நின்றது. நான்தான் சொன்னேன், சார் முள்ளு என்று. அவர் பதறவே இல்லை. பிடுங்கிப் போட்டார். ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் பால் போலக் கொப்பளித்தது. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி விட்டார். பால் வருவது நின்றுவிட்டது. காற்று அப்படியே இருக்கிறது!

வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளே டியூபே கிடையாதாம். ரிம்மில் கம்பி நுழைகிற ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, டயரே நேராகக் காற்றைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வார்களாம். உள்ளே சீலண்ட் என்கிற பால் கிடக்கும். முள் குத்தினால் காற்றோடு பால் வெளியே வரும், வந்த இடத்திலேயே கட்டியாகி ஓட்டையை அடைத்துவிடும்.

"பழைய சக்கரத்துலயும் செய்யலாமா சார்?"

"செய்யலாம்மா. கொஞ்சம் பொறுமை வேணும்."

அவர்கள் போன பிறகு இவரிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஏட்டி, காருக்குச் செய்யுதேன், பைக்குக்குச் செய்யுதேன். அது ரிம்மே வேற. சைக்கிளுக்குப் போயி டியூப்லெஸ்ஸா? பத்தே நாளுல டயரு கழண்டு நீ கீழ கெடப்ப. ஏற்கெனவே ஒரு கையி போச்சு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 29, சனி

டேப், வால்வு, பால் எல்லாம் கூரியரில் வந்துவிட்டன. வால்வு இத்தனை ஒல்லி. கம்ப்ரஸர் வாய்க்குப் பொருந்த ஒரு சின்ன இணைப்பும் வந்திருக்கிறது. பால் பாட்டிலைத் திறந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி. நாளைக்குச் செய்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

மானம் போயிற்று.

வீட்டிலேயே டயரைக் கழற்றி, டியூபை உருவி, ரிம்மை ஊசி போடுகிற ஸ்பிரிட்டால் துடைத்து, டேப் இரண்டு சுற்று ஒட்டி, வால்வுக்கு ஓட்டை போட்டு... எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பாலையும் ஊற்றிவிட்டேன். கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்ரஸரைக் கொடுத்தேன். டயர் உப்பி ரிம்மில் போய் உட்கார வேண்டுமே? உட்காரவில்லை. சுற்றிலும் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகப் பால் பீறிட்டு அடித்தது. என் முகம், கடைச் சுவர், டயருக்குக் காத்திருந்த லாரி டிரைவரின் வெள்ளை வேட்டி.

நாலு பேர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தேவலை. ஒரு துணியை எடுத்துக் கொடுத்து, "போ, வீட்டுக்குப் போ" என்றார்.

முடியில் ஒட்டின பால் இன்னும் போகவில்லை. ரப்பர் மாதிரி பிய்த்துப் பிய்த்து எடுக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

டியூபையே திரும்ப மாட்டி இரண்டு ஊர் போய் வந்தேன். இரண்டு பஞ்சர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாம் தடவை. இந்த முறை கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பால் ஊற்றவில்லை. வெறும் காற்றில் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பால். அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது. டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன். பின்சக்கரம் ஒரு பக்கம் உட்கார்ந்தது! மறுபக்கம் வரவில்லை. முன்சக்கரம் உட்கார்ந்து, பாலும் ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் ராணி மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முன்சக்கரம் சப்பை. பால் முழுக்கக் கம்பி ஓட்டைகள் வழியாக ஒழுகித் தரையில் கட்டியாகிக் கிடந்தது.

ஏன்? ஏன் ஒழுக வேண்டும்?

ஏப்ரல் 9, புதன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். டேப்பை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரிம்மின் அகலத்தைவிட டேப் ஒரு விரற்கடை குறைவு. ஓரத்தில் இருக்கிற ஓட்டைகள் பாதி மூடி, பாதி திறந்து. இன்னொன்று, நான் டேப்பை இழுத்து ஒட்டவே இல்லை. என் வலது கை இழுக்கத் தெம்பில்லாமல் சும்மா மேலே படிய வைத்திருக்கிறது. கீழே குமிழ் குமிழாகக் காற்று.

ஆக என் கைதான் காரணம். கையை மாற்ற முடியாது, செய்கிற விதத்தை மாற்றலாம் அல்லவா? டேப் நுனியை வால்வு ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் ஒட்டிவிட்டு, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, டேப்பை இடது கையால் என் மார்புப் பக்கம் இழுத்தபடி, முழங்காலால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளிச் சுற்றினால்? பழைய டேப்பை வைத்தே பழகிப் பார்த்தேன். வருகிறது.

டயர் ஏன் உட்காரவில்லை என்பதும் புரிகிறது. பழைய ரிம், பழைய டயர், இரண்டுக்கும் நடுவில் தொளதொளவென்று இருக்கிறது. ரவிக்கை தொளதொளத்தால் பிடித்துத் தைக்கிறோம். இங்கே ரிம்மைத்தான் கொஞ்சம் கனமாக்க வேண்டும். இரண்டு சுற்று டேப் கூட.

அகல டேப்புக்குச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கழுகுமலைத் திருவிழா. பங்குனி உத்திரக் கூட்டத்தில் இவருக்குக் கடையில் நிற்க நேரமில்லை. டேப் வந்தது. டாக்டரும் போன் செய்தார். மருந்து வந்துவிட்டதாம், வியாழக்கிழமை வெயிலுமுத்து கிடை. நோய்க்குப் பயந்து அண்ணாச்சி கிடையை இன்னும் உள்ளே தள்ளிக் கொண்டுபோய்விட்டார், தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அந்தப் பாதை எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கருவேலம்.

"முடியுமா வள்ளிமயில்? இல்லைன்னா இப்பமே சொல்லிருங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். 

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

கடை விடுமுறை. சாவியை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.

ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்தேன். முழங்காலில் இடுக்கி டேப்பை இழுத்தேன், விரைப்பாக, குமிழ் ஒன்றுகூட இல்லாமல். நாலு சுற்று. ஆணியைச் சூடாக்கி வால்வுக்கு ஓட்டை. கத்தியால் கிழித்தால் டேப் பிரியும், சூட்டில் உருகினால் விளிம்பு கட்டிக்கொள்ளும். இதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாக யோசித்தது. டயர் விளிம்பில் சோப்பு நுரை. வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டேன், காற்று தடையில்லாமல் ஒரே மூச்சில் போகட்டும் என்று.

நிமிர்ந்தால் இவர் எதிரே நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. 

காற்றை விட்டேன். உப்பியது. டப்.  அடுத்து டப், டப். விளிம்பு சுற்றிலும் ரிம்மில் போய்க் கவ்விக்கொண்டது. காற்றை இறக்கினேன். டயர் நகரவே இல்லை. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து புகட்டுகிற, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் பாலை எடுத்து வால்வு வழியாக நூறு மில்லி உள்ளே ஏற்றினேன். அந்த வேலையில் எனக்கு யாரும் நிகர் கிடையாது. திரும்பக் காற்று. சக்கரத்தைச் சுற்றி, குலுக்கி, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் படுக்கப் போட்டேன்.

இவர் குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார்.

"இப்பம் மட்டும் எப்படி உக்காந்துச்சு?"

"ரெண்டு சுத்து டேப் கூட."

"ம்."

பின்சக்கரமும் அப்படியே. நானே. மத்தியானம் வடை பாயசம் எதுவும் செய்யவில்லை. ஓட்டலில்தான் வாங்கிச் சாப்பிட்டோம். இவர் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காற்று இறங்கவில்லை! காலையில் பல்கூடத் தேய்க்காமல் போய் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

சாயங்காலம் இவர் கையில் ஒரு கருவேல முள்ளோடு வந்தார். நீளமானது, பழுத்துக் காய்ந்தது. என்னைக் கேட்காமல் கொள்ளாமல் பின்டயரில் குத்தி இறக்கினார். எனக்கு என் மேலேயே குத்தின மாதிரி இருந்தது. பிடுங்கினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், இரண்டு சொட்டு பால். நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். காற்றுப் போவது நின்றுவிட்டது.

"இன்னொண்ணு குத்திப் பாக்கவா?"

"குத்துங்களேன். பத்து வேணும்னாலும் குத்துங்க."

எங்கிருந்து வந்தது எனக்கு அந்தத் திமிர்? நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். பெட்டி நிறைய ஐஸ். தார் ரோடு விட்டு இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. பாதை நான் நினைத்ததைவிட மோசம். சக்கரத்துக்கு அடியில் முள் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு கூசுகிறது, ஆனால் வண்டி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு இடத்தில் பால் தெறித்து என் கணுக்காலில் விழுந்தது. இறங்கவில்லை. இறங்கினால் பயந்துவிடுவேன் என்று மிதித்தேன்.

ஆறு பத்துக்குக் கிடை. வலைக்குள் அத்தனையும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

வெயிலுமுத்து அண்ணாச்சி எழுந்து நின்றார். முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"உருட்டிட்டு வரலியா தாயி?"

"இல்ல அண்ணாச்சி. மிதிச்சே வந்தேன்."

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கட்டியாக, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைப் போல ஒன்றை நான் இந்த வருஷம் கேட்கவில்லை. மருந்தைக் கரைத்தேன். அண்ணாச்சியும் அவர் மச்சினரும் பிடிக்கப் பிடிக்க, நான் தோலைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டே போனேன். புதுக் குட்டிகளை விட்டுவிட்டு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எட்டு மணிக்குக் கடைசி ஆடு. டாக்டருக்கு, "எல்லாம் போட்டாச்சு சார். மருந்து குளிரா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து இடுக்கியால் முள்ளைப் பிடுங்கினேன். முன்னால் பத்து, பின்னால் பதிமூன்று. இருபத்து மூன்று முள்! ஒரு சோற்றுத் தட்டில் போட்டு இவருக்கு எதிரே வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சாப்பிட்டுக் கைகழுவின பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 6, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. டயருக்குள் பால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. குலுக்கினால் சளக் சளக் என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. கயத்தாறு போகிற வழியில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, சிரிஞ்சில் அறுபது மில்லி ஏற்றி, கைப்பம்பால் காற்றடித்தேன். ஏழு நிமிடம். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருத்தர், "சைக்கிளுக்கும் ஊசியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

மே 19, திங்கள்

வெயிலுமுத்து அண்ணாச்சி கிடைக்கு மேற்கே இரண்டு கிடைகளில் நோய் வந்து நிறையப் போய்விட்டது. இரண்டும் வெளியூர்க் கிடை, ஊசி போடாதவை. ஒரே கண்மாயில்தான் எல்லா ஆடும் தண்ணீர் குடித்திருக்கின்றன. பதறிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி கிடையில் ஒன்றுகூடத் தும்மவில்லை. டாக்டர் வந்து ஒவ்வொரு ஆட்டின் வாயையும் திறந்து பார்த்தார். சுத்தம். ரவுண்டு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது ஜூன் மாதப் பட்டியலைக் கொடுத்தார். பதினான்கு கிடை. எல்லாவற்றுக்கும் நேரே என் பெயர்.

சுடலைக்கண்ணு அண்ணன் பெயரும் அதில் இருக்கிறது. புதிதாக முப்பது குட்டி பிடித்திருக்கிறாராம்.

ஜூன் 5, வியாழன்

சுடலைக்கண்ணு அண்ணன் கிடை. ஆறு மணிக்கே போய்விட்டேன். வேலுத்தாய்தான் குட்டிகளைப் பிடித்தாள். முதல் குட்டிக்குப் போடும்போது குட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது குட்டி என் கையில் மூத்திரம் பெய்தது. அவள் சிரித்துவிட்டாள். நானும்.

"அடுத்த மட்டமும் நீயே வா" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் சொல்லி, விளாத்திகுளம் பக்கம் ஊசி போடுகிற மாரிசெல்வியும் விஜியும் தங்கள் சைக்கிள்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நாலு சக்கரம். கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டேன். இவர் கேட்காமலே கம்ப்ரஸர் குழாயை என் பக்கம் நீட்டிப் போட்டிருந்தார்.

மூன்றாவது சக்கரம் டப் டப் என்று உட்கார்ந்தபோது, உள்ளே டயருக்குக் காத்திருந்த ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சைக்கிளுக்கெல்லாம் டியூப்லெஸ் போடுதிய? நிக்குமா அது?"

இவர் லாரி டயரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நிக்கும். ஆனா எனக்கு அந்த வேலை தெரியாது. அவியகிட்டக் கேளுங்க."

இத்தனை மரியாதையாக யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். மாரிசெல்வியும் விஜியும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

லாரிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.